பாட்டை ஓட்டிவிடாதீர்கள்: பழைய ஹாலிவுட் மியூசிக்கல் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தை முதன்முறை டிவிடியில் பார்த்தபோது கையில் ரிமோட் இருந்தது. அதுதான் வினை. படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பாட்டு வந்தால் ஓட்டிவிடுவது அப்போது என் வழக்கம். நடுவில் ஒரு காட்சி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மரியாவிடம் அவர்களுடைய அப்பா கேப்டன் கடுங்கோபத்தில் இருக்கிறார், பெட்டியைக் கட்டிக்கொண்டு மடத்துக்கே திரும்பிப் போகச் சொல்கிறார். பாட்டு ஆரம்பித்தது, ஓட்டினேன். அடுத்த காட்சியில் அதே மனிதர் மரியாவைப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். இடையில் என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவேயில்லை. திரும்ப வைத்துப் பார்த்தேன். ஆனது எல்லாம் நான் ஓட்டிவிட்ட அந்தப் பாட்டுக்குள்தான் ஆகியிருந்தது.

மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பாட்டுச் சத்தமே கூடாது என்று வைத்திருந்தவர் கேப்டன். மரியாவுடன் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து குழந்தைகள் பாடுவது கேட்கிறது. கூடத்துக்கு வந்து வாசற்படியிலேயே நிற்கிறார். அப்புறம் தன்னை அறியாமல் ஒரு வரியை எடுத்துப் பாடுகிறார். குழந்தைகள் திகைத்துப் போகிறார்கள். அவர் வீட்டுக்குள் திரும்பி வந்தது அந்த நொடியில்தான், அதற்குத் தனியாக ஒரு வசனமும் கிடையாது.

நம்மில் பலருக்கும் இதே பழக்கம் உண்டு. தியேட்டரில் பாட்டு வந்தால் டீ குடிக்க எழுந்து போவோம், வீட்டில் என்றால் ஓட்டிவிடுவோம். பாட்டு எங்கே போகிறது, திரும்பி வந்து கதையைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். பாட்டும் நடனமுமாகக் கதை சொல்லும் பழைய ஹாலிவுட் மியூசிக்கலில் அது எப்போதும் பலிக்காது. அந்தப் படங்களைப் பார்க்க நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: நான்கு படங்கள், ஒரு நோட்டு

1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்து சினிமாவுக்குக் குரல் கிடைத்ததிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை ஹாலிவுட்டில் மியூசிக்கல்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கப் புறப்பட வேண்டாம். நான்கு போதும்: ‘டாப் ஹாட்’ (1935), ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ (1944), ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ (1952), ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965). இதே வரிசையில், வாரத்துக்கு ஒன்று.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், பாட்டு வரியைக் காதால் பிடிப்பது வசனத்தைப் பிடிப்பதைவிடக் கஷ்டம். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது: இந்தப் பாட்டு யார் காதில் விழுகிறது?

பாட்டு தொடங்கியதும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. இவர் பாடுகிறார் என்பது கதையில் இருக்கும் மற்றவர்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்றால் அது மேடைப்பாட்டு. நாடகக் குழு, ஒத்திகை, திரை விலகுதல் என்று கதையே மேடையைச் சுற்றி நடக்கும். ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ (1933) இந்த வகைக்கு நல்ல உதாரணம். கதாநாயகிக்குக் கணுக்காலில் அடிபட்டுவிட, கூட்டத்தோடு கூட்டமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் அவள் இடத்தில் மேடையேறுகிறாள். பெரிய பாட்டுகள் எல்லாம் கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி கேமராவை உச்சியில் ஏற்றி வைத்து, ஆடும் பெண்களைப் பூக்கோலம் போல விரித்துக் காட்டுவார். எந்த நாடக அரங்கிலும் எந்த ரசிகரும் அந்தக் கோணத்தில் பார்க்க முடியாது. அது எப்படி என்ற கேள்வியைப் படம் கண்டுகொள்வதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

மேடைப்பாட்டு என்றாலே கதைக்கு வெளியே நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆண்டு வந்த ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ எடுத்த எடுப்பில் ஒரு பாட்டு: உடம்பெல்லாம் காசு வடிவ அலங்காரத்தோடு பெண்கள் ‘நம் கையில் இப்போது பணம் புரளுது’ என்று ஆடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கடன்காரருக்காக ஜப்தி செய்ய ஆட்கள் வந்து உடைகளையும் செட்டையும் அள்ளுகிறார்கள். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம் அது. பாட்டு அறுந்த இடத்தில் கதை தொடங்குகிறது. காசு வேடம் போட்டவர்கள் கையில் உண்மையில் காசில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

மற்றவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், அது வாழ்க்கைக்குள்ளிருந்து கிளம்பும் பாட்டு. தெருவில், சமையலறையில், மழையில் வரும். இந்த வகை நமக்குப் புதிதல்ல. ‘இவன் ஏன் திடீரென்று பாடுகிறான்?’ என்று அமெரிக்க இளைஞர்கள் கேட்பதுண்டு, நாம் கேட்கமாட்டோம். அந்த வகையில் நாம் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

மூன்றாவது: பாட்டுக்கு முந்தைய இரண்டு நிமிடம்

என்னைக் கேட்டால் மொத்த வித்தையும் இங்கேதான் இருக்கிறது. பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல படத்தில் அந்தத் தையல் கண்ணுக்குத் தெரியாது.

‘டாப் ஹாட்’டில் வரும் முதல் பெரிய நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு, லண்டனில் ஒரு ஓட்டல் அறை. ஃபிரெட் அஸ்டேர் நடிக்கும் ஜெர்ரி, தன்னை நாடகத்துக்கு அழைத்து வந்த ஹொரேஸிடம் பேசிக்கொண்டிருக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கூடாதா என்று ஹொரேஸ் கேட்கிறார். ஜெர்ரி பதில் சொல்லத் தொடங்குகிறார்: எனக்குக் கட்டும் இல்லை, தளையும் இல்லை. அந்தப் பதிலே தாளத்தில் விழுந்து பாட்டாகிவிடுகிறது. எந்தச் சொல்லில் பேச்சு முடிந்தது என்று இரண்டு தடவை பார்த்தால்தான் தெரியும்.

பாட்டு ஆட்டமாகிறது. கால் தரையைத் தட்டுகிறது. கீழ்த்தளத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த பெண் விழித்துக்கொள்கிறாள், ஜிஞ்சர் ரோஜர்ஸ். முதலில் தொலைபேசியில் புகார் சொல்கிறாள், பிறகு பொறுக்க முடியாமல் தானே மாடியேறி வந்து நிற்கிறாள். கண்டதும் காதல். ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று ஆடிய ஆட்டமே உறவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது! அவள் கோபமாகத் திரும்பிப் போன பிறகு ஜெர்ரி என்ன செய்கிறார் தெரியுமா? கொஞ்சம் மணலை எடுத்துத் தரையில் தூவுகிறார். அதன்மேல் காலைத் தேய்த்து, தாலாட்டுப் போல மெதுவாக ஆடுகிறார். கீழே அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுகிறாள். சண்டை, சந்திப்பு, காதல், சமாதானம் நான்கும் ஒரே பாட்டில் முடிந்துவிட்டன, நான்குக்கும் ஆதாரம் செருப்புச் சத்தம். நடனத்தில் தலை முதல் கால் வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும் என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் எதற்கு என்று இந்தக் காட்சியில் புரியும்.

பேச்சிலிருந்து பாட்டுக்குப் போக அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டில் ஒரு பாலமே கட்டிவைத்திருந்தார்கள். எல்லோரும் முணுமுணுக்கும் பகுதி வருவதற்கு முன், பேச்சுச் சாயலில் சில வரிகள் வரும். அதை அவர்கள் ‘வெர்ஸ்’ என்பார்கள். நம் சினிமாப் பாட்டில் பல்லவிக்கு முன்னால் வரும் தொகையறாவை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ படத்தில் எஸ்தர் என்ற பெண், ஜூடி கார்லண்ட், ஜன்னலோரம் நின்று அடுத்த வீட்டுப் பையனை நினைத்துப் பாடுகிறாள். அதன் தொகையறாவில் கதவு எண் வருகிறது: நான் இருப்பது கென்சிங்டன் அவென்யூ 5135, அவன் இருப்பது 5133. காதல் பாட்டில் முகவரி! ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் தூரம்தான் அவள் கவலை. முகவரியைச் சொல்லி முடித்த கையோடு மெட்டு மெல்ல உருகத் தொடங்குகிறது.

‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ படத்தில் பாலம் வேறு மாதிரி. டான் ஒரு நடிகன், ஜீன் கெல்லி. கேத்தியிடம் மனதைச் சொல்ல வேண்டும். ஆனால் சரியான செட் இல்லாமல் தன்னால் இதைச் சொல்ல முடியாது என்கிறான். அவளைக் காலியான ஸ்டுடியோ தளத்துக்குள் அழைத்துப் போகிறான். அந்தி வெளிச்சத்துக்கு ஒரு சுவிட்ச், தூரத்து மலைப் பனிக்கு ஒரு புகைக் கருவி, மாடத்துக்கு ஓர் ஏணி, நிலாவுக்கு இன்னொரு விளக்கு, தென்றலுக்கு மின்விசிறி. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பாடுகிறான். எல்லாம் பொய் என்று நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்கு மழைப் பாட்டைவிட இதுதான் பிடிக்கும்.

சரி, மழைப் பாட்டையும் விட்டுவிட முடியாது. கேத்தியை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, மழை கொட்டுகிறதே, தொண்டையைப் பார்த்துக்கொள் என்கிறாள் அவள். நான் நிற்கும் இடத்தில் எங்கும் வெயிலடிக்கிறது என்கிறான் அவன். காத்திருக்கும் காரைப் போகச் சொல்லிவிடுகிறான். கொஞ்ச தூரம் போய்க் குடையை மடக்குகிறான். பாட்டு அந்தக் குடை மடங்கியதில் இருக்கிறது. முடிவையும் பாருங்கள்: தேங்கிய தண்ணீரில் சின்னப் பையன் மாதிரி குதித்துக்கொண்டிருப்பவன் நிமிர்ந்தால் எதிரே போலீஸ்காரர். மெட்டு அடங்குகிறது, வழியில் போகிறவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டு நடக்கிறான். பாட்டைத் தொடங்குவதைவிட முடிப்பது கஷ்டம். பாத்திரத்தை மறுபடி சாதாரணத் தெருவில் இறக்கிவிட வேண்டும், அதற்கு ஒரு போலீஸ்காரரை வைத்தார்கள்.

நான்காவது: நோட்டை எடுங்கள்

பாட்டு தொடங்கும் முன் நிறுத்தி, கதை இப்போது எங்கே நிற்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பாட்டு முடிந்ததும் இன்னொரு வரி. இரண்டையும் ஒப்பிடுங்கள். மாறியது ஒருவர் மனமாக இருக்கலாம், இருவரின் உறவாக இருக்கலாம், காலமாகவோ இடமாகவோ இருக்கலாம். சில சமயம் பாத்திரங்களுக்கு ஒன்றுமே மாறியிருக்காது, நமக்குத் தெரிந்தது மட்டும் மாறியிருக்கும்.

கடைசியில் சொன்னதுதான் முதலில் ஏமாற்றும். ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ (1939) படத்தில் வானவில்லுக்கு அப்பால் உள்ள ஊரைப் பற்றி டோரதி பாடுகிறாள். பாட்டுக்கு முன்னும் பின்னும் அவள் அதே பண்ணையில், அதே நாய்க்குட்டியோடு இருக்கிறாள். படத்தை வெள்ளோட்டம் விட்டபோது, வேகத்தைக் கெடுக்கிறது என்று ஸ்டுடியோவில் அந்தப் பாட்டையே வெட்டப் பார்த்தார்கள். நல்லவேளை, அதற்காகச் சண்டை போடவும் ஆட்கள் இருந்தார்கள், பாட்டு தப்பித்தது. பிறகு அதற்கே ஆஸ்கர் கிடைத்தது. அதை எடுத்துவிட்டுப் படத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். சூறாவளி ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். பாட்டு இருந்தால், அவள் கேட்ட இடத்துக்கே சூறாவளி அவளைக் கொண்டுபோய்விடுகிறது. கதாபாத்திரம் தனக்கு என்ன வேண்டும் என்று படத்தின் தொடக்கத்திலேயே பாடிவிடுவது மியூசிக்கலில் நிரந்தர வழக்கம். அப்படி ஒரு பாட்டு வந்தால் நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

இடம் மாறுவதற்கு ‘லவ் மீ டுநைட்’ (1932). பாரிஸில் ஒரு தையல்காரர் கடையில் பாடுகிறார். வாடிக்கையாளர் அதை முணுமுணுத்தபடி தெருவில் இறங்க, டாக்ஸிக்காரர் பிடித்துக்கொள்ள, வண்டியில் ஏறிய இசையமைப்பாளர் ரயிலுக்குக் கொண்டுபோக, சிப்பாய்கள் அணிநடைப் பாட்டாக்க, ஒரு நாடோடி வயலினில் வாசிக்க, கடைசியில் எங்கோ ஒரு கோட்டை மாடத்தில் நிற்கும் இளவரசியின் காதில் விழுகிறது. தையல்காரரும் இளவரசியும் இன்னும் பார்த்துக்கொள்ளவேயில்லை. பாட்டு சேர்த்துவைத்தாகிவிட்டது.

மனம் மாறுவதற்கு மறுபடி ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’. அப்பாவுக்கு நியூயார்க்கில் வேலை, குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். கிறிஸ்துமஸ் இரவு. கடைக்குட்டி டூட்டி தூங்காமல் ஜன்னலில் காத்திருக்கிறாள். அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் தாத்தா நம்மை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பது அவள் கவலை. எஸ்தர் அவளுக்குச் சமாதானமாக ஒரு பாட்டுப் பாடுகிறாள். வார்த்தை ஆறுதல், மெட்டில் ஆறுதல் இல்லை. முதலில் எழுதிய வரிகள் இதைவிட இருண்டிருந்தனவாம். ஒரு குழந்தையிடம் போய் இதைப் பாடினால் என்னை ராட்சசி என்று நினைப்பார்கள் என்று கார்லண்ட் மறுக்க, பாட்டை எழுதிய ஹியூ மார்ட்டின் மாற்றி எழுதிக் கொடுத்தார். மாற்றிய பிறகும் துக்கம் போகவில்லை. பாட்டு முடிந்த மறுகணம் டூட்டி இரவு உடையோடு வெளியே ஓடி, தோட்டத்தில் செய்து வைத்திருந்த பனிமனிதர்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்குகிறாள். மேல் ஜன்னலிலிருந்து அப்பா பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் எழுப்பிக் கூப்பிட்டு, நாம் எங்கேயும் போகவில்லை என்கிறார்.

என் நோட்டில் இதற்கு எழுதியிருந்தது: ‘முன்: போகிறார்கள். பின்: போகவில்லை.’

ஐந்தாவது: இந்த மெட்டை முன்பே கேட்டோமே

மேடை நாடகத்திலிருந்து வந்த மியூசிக்கல்களில் ஒரே பாட்டு இரண்டாம் முறை வரும். நேரம் போதாமல் திருப்பிப் போட்டதாக நினைக்க வேண்டாம். நம் படங்களில் மகிழ்ச்சியான பாட்டே சோகமாகத் திரும்பி வருமே, அந்த உத்திதான். இங்கே சோகம், சந்தோஷம் என்ற இரண்டு நிறத்தோடு நிற்பதில்லை.

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இதில் கைதேர்ந்த படம். வீட்டில் விருந்து நடக்கும்போது, தூங்கப் போகும் குழந்தைகள் விருந்தாளிகளிடம் பாடி விடைபெறுகிறார்கள். அழகான பொழுதுபோக்கு, வேறொன்றுமில்லை. பிறகு ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போகிறது. கேப்டனைக் கடற்படைக்கு இழுத்துப்போக அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். அதற்கு முன் இசைவிழா மேடையில் குடும்பம் பாடுகிறது, அதே விடைபெறும் பாட்டு. சிலர் சிலராக மேடையை விட்டுப் போகிறார்கள். இந்த முறை உண்மையாகவே தப்பிப் போகிறார்கள். முதல் முறை பாட்டை ஓட்டிவிட்டவருக்கு இரண்டாம் முறை வயிறு கலங்காது.

சின்ன வெள்ளைப் பூவைப் பற்றிய பாட்டும் அப்படித்தான். முதலில் கேப்டன் அதைக் கூடத்தில் கிடாருடன் குழந்தைகளுக்காகப் பாடுகிறார். பிறகு அதே விழா மேடையில், நாட்டை இழந்தவராக. பாதியில் தொண்டை அடைத்து நின்றுவிடுகிறது. மரியா வந்து சேர்ந்துகொள்கிறாள், பிறகு அரங்கமே பாடுகிறது. இதை ஆஸ்திரிய நாட்டுப்பாடல் என்று நம்புகிறவர்கள் உண்டு. நியூயார்க் மேடைக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் எழுதியது அது. ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டும் அதுவே.

ஆறாவது: இடத்தை மாற்றிப் பாருங்கள்

இது கொஞ்சம் பழகிய பிறகு. ஒரு பாட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நமக்குக் கற்பனையே தேவையில்லை, அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ‘நான் எவ்வளவு அழகு’ என்று அந்தக் கதையின் நாயகி (அவள் பெயரும் மரியாதான்) துள்ளும் பாட்டு மேடை நாடகத்தில் கொலைகள் நடந்த பிறகு வரும். அவளுடைய அண்ணன் இறந்துவிட்டது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் சிரிக்கச் சிரிக்க நமக்குக் கூசும். 1961-இல் வந்த படத்தில் அதைச் சண்டைக்கு முன்னால் நகர்த்திவிட்டார்கள். இப்போது அது ஒரு பெண்ணின் வெகுளியான சந்தோஷம், அவ்வளவே. வரியில் ஓரிரு சொல் தவிர எதுவும் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. எது மேல் என்று கேட்டால் நான் மேடை கட்சி.

கடைசியாக: ஒட்டாத பாட்டுகள்

எல்லாப் பாட்டிலும் இந்தச் சோதனை செல்லாது. ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ பாட்டுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்தவை. தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீடும் நேசியோ ஹெர்ப் பிரவுனும் முன்பு வெவ்வேறு படங்களுக்கு எழுதியது. மழைப் பாட்டு 1929-இலேயே திரையில் வந்துவிட்டது. அந்தப் பாட்டுகளைக் கையில் கொடுத்து, இதற்கு ஒரு கதை எழுதுங்கள் என்று பெட்டி காம்டனிடமும் அடால்ஃப் கிரீனிடமும் சொன்னார்கள். சட்டைக்கு ஏற்ற ஆளைத் தேடிய கதை. இவ்வளவு பொருந்தி வந்ததே ஆச்சரியம்.

பொருந்தாத ஒன்றும் அதில் உண்டு. படம் முடியப்போகும் நேரத்தில் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு நடனம். நியூயார்க்குக்கு வாய்ப்புத் தேடி வரும் ஓர் ஆட்டக்காரன், பச்சை உடையில் சிட் சாரிஸ், காற்றில் நீளமாகப் பறக்கும் வெள்ளைத் துணி. டான், கேத்தி கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நோட்டில் முன்வரியும் பின்வரியும் ஒன்றாகத்தான் இருக்கும். பேனாவை மூடிவிட்டுக் கண்ணுக்கு விருந்தாகப் பாருங்கள். எடுத்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. தன் படத்தில் இப்படி ஒரு நடனம் வைக்கப்போவதாக டான் ஸ்டுடியோ முதலாளியிடம் விவரிப்பதாகத்தான் அது திரையில் வருகிறது. அத்தனை பிரம்மாண்டத்தையும் நாம் பார்த்து முடித்த பிறகு முதலாளி முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொல்கிறார்: எனக்கு இது கண்முன் வரவில்லை, முதலில் படமாக எடுத்துக் காட்டுங்கள்.